கொள்கையா, கணக்கா? : ஓன் ஜாஃபாரின் 1951ஆம் ஆண்டு விலகலை முன்வைத்து

முன்னுரை

அரசியல் தலைவர் ஒருவர் தாம் வளர்த்த கட்சியை விட்டு விலகுகிறார். அல்லது நெடுநாள் எதிர்த்துவந்த ஒன்றை ஏற்றுக்கொள்கிறார். அன்றே மக்கள் இரு அணியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் அவரைக் கொள்கை வீரர் என்பர்; மறுசாரார் சந்தர்ப்பவாதி என்பர். இருசாராரும் செயலை ஆராய்ந்து இம்முடிவுக்கு வந்தவர்களா என நோக்கினால், பெரும்பாலோர் அவ்வாறு வந்தவர் அல்லர். தலைவர்மீது முன்பே கொண்டிருந்த விருப்போ வெறுப்போதான் தீர்ப்பாக வெளிப்படுகிறது.

வகுப்பறையிலும் இதனைக் காண்கிறோம். டத்தோ ஓன் ஜாஃபார் 1951இல் அம்னோவை விட்டு ஏன் விலகினார் என வினவும்போதெல்லாம் இரண்டு விடைகளே மாணவரிடமிருந்து மாறிமாறி வருகின்றன. இன வேறுபாடற்ற மலாயா என்ற உயர்ந்த நோக்கிற்காகப் பதவியைத் துறந்தார் என்பது ஒன்று. ஆங்கிலேயரின் விருப்பத்தை அறிந்து, விடுதலை பெறும் நாட்டின் முதல் தலைவராகும் எண்ணத்தில் காய் நகர்த்தினார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். ஆயினும், எவ்விடை எவ்வாறு பெறப்பட்டது என நாம் கேட்பது அரிதாகவே உள்ளது.

ஒருவரின் உள்ளக்கிடக்கையை நேரே காண வழியில்லாதபோது, அவரது செயலைக் கொண்டு எந்த அளவுக்குத் தீர்ப்புக் கூற முடியும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவாகும். ஓன் ஜாஃபாரின் விலகலையும், அதனைத் தொடர்ந்து வந்த நான்காண்டு நிகழ்ச்சிகளையும் இதற்குக் களமாகக் கொள்கிறோம். அந்நாளில் இந்நாட்டு இந்தியர்களும் அவரை எடைபோட்டு ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதால், இவ்வினா நம் சமூகத்திற்குப் புறம்பானது அன்று.

வள்ளுவர் காட்டும் நான்கு சோதனைகள்

ஒருவரைத் தெளிந்து ஏற்பது எவ்வாறு என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல் முழுவதும் இதனைப் பற்றியதே. அரசன் ஒருவனை வினைக்கு உரியவனாகத் தேர்வதற்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின்வழி அவனை ஆராய வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. பரிமேலழகர் இவற்றை உபதைகள் என விளக்குகிறார். தேர்வுக்குரியவன் அறியாதவாறு ஆள்வைத்து ஒரு சூழலை உண்டாக்கி, அதில் அவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்று காண்பதே உபதை.

இவ்விளக்கத்தில் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படும். முதலாவது, சோதனை ஒன்றன்று, நான்கு. அச்சத்துக்கு அஞ்சாதவன் பொருளுக்கு மயங்கலாம். பொருளுக்கு மயங்காதவன் அறத்தின் பெயரால் வழிதவறலாம். ஒன்றில் தேறியவனை எல்லாவற்றிலும் தேறியவனாகக் கொள்ளுதல் ஆகாது. இரண்டாவது, அவன் தன்னைப் பற்றி என்ன கூறுகிறான் என்பது இங்குக் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் அளக்கும் உரைகல் அவரவர் செயலே என்று அதே அதிகாரம் பின்னர்த் தெளிவுபடுத்துகிறது.

மக்களாட்சியில் தேர்வு செய்யும் அரசனின் இடத்தில் வாக்காளர் இருக்கின்றனர். எனினும், அரசனைப் போல் அவர்களால் உபதை அமைக்க முடியாது. தேர்தல் தோல்வி, கட்சிப் பிளவு, எதிர்பாராத வெற்றி எனக் காலம் அமைத்துத்தரும் சூழல்களையே அவர்கள் சோதனைகளாகக் கொள்ள வேண்டியுள்ளது. ஓன் ஜாஃபாருக்கு 1946 முதல் 1955 வரையிலான பத்தாண்டுக் காலம் இத்தகைய சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்துத் தந்தது.

கணக்கு எல்லாம் தன்னலமா?

மேலே செல்லுமுன் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அரசியல் கணக்கு என்றதும் தன்னலம் எனப் பொருள்கொள்வது நம் வழக்கம். ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் 1919இல் மூனிக் நகரில் ஆற்றிய உரையில், அரசியலை ஒரு பணியாகக் கொண்டோரின் அறத்தை இருவகையாகப் பகுத்துக் காட்டினார். விளைவு எதுவாயினும் தாம் கொண்ட கோட்பாட்டில் நிற்பது ஒன்று. செயலின் விளைவுக்குத் தாமே பொறுப்பு என உணர்ந்து, அவ்விளைவை முன்கூட்டி எண்ணிச் செயற்படுவது மற்றொன்று.

இவ்வாறு நோக்கின், விளைவைக் கணக்கிடும் தலைவர் கொள்கையற்றவர் ஆகிவிடமாட்டார். எத்தனை இடம் கிடைக்கும், யார் துணை வருவர், எப்போது பேசுவது என எண்ணிப் பாராதவர் தம் கொள்கையையே தோற்கடித்துவிடக்கூடும். ஆகவே, ஒருவர் கணக்கிட்டார் என்று காட்டுவதனால் அவர் கொள்கையின்றி நடந்தார் என்று நிறுவியதாகாது. அக்கணக்கு எதன்பொருட்டு இடப்பட்டது, அக்கணக்கில் அவர் எதை விற்கச் சித்தமாக இருந்தார், எதை விற்க மறுத்தார் என்பனவே ஆராயத்தக்கவை.

1951: விலகலும் அதன் இருமுகமும்

ஜொகூர் பாருவில் 1946ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அம்னோ தொடங்கப்பட்டபோது ஓன் ஜாஃபார் அதன் முதல் தலைவரானார். மலாய் ஆட்சியாளர்களின் இறைமையைக் குறைத்து, பிற இனத்தாருக்குத் தாராளமாகக் குடியுரிமை வழங்க முனைந்த மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்ப்பதே அவ்வியக்கத்தின் உடனடி நோக்கமாக இருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டு, 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு உருவாயிற்று. 1947 முதல் 1950 வரை அவர் ஜொகூர் மந்திரி பெசாராகவும் விளங்கினார்.

1949இல் சமூகத் தொடர்புக் குழு அமைந்தது. மலாய், சீன, இந்திய, இலங்கைச் சமூகங்களின் தலைவர்கள் அதில் கலந்து பேசினர். அப்பேச்சுகளுக்குப் பின் ஓன் ஜாஃபார் குடியுரிமை விதிகளைத் தளர்த்துவதற்கு இணங்கினார். அம்னோவில் எதிர்ப்பு எழுந்தது. 1950இல் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். உறுப்பினர்கள் அவரை மீண்டும் அழைத்து அமர்த்தினர். அதன்பின் அம்னோவின் கதவைப் பிற இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். அது ஏற்கப்படாத நிலையில் 1951 ஆகஸ்டில் கட்சியை விட்டு நீங்கினார். துங்கு அப்துல் ரஹ்மான் அம்னோவின் தலைவரானார். செப்டம்பர் 16ஆம் நாள் அனைத்து இனத்தாருக்குமான மலாயாச் சுதந்திரக் கட்சியை ஓன் ஜாஃபார் தொடங்கினார்.

இதனைக் கொள்கை என்போர் அவர் அடைந்த இழப்பைச் சான்றாகக் காட்டுவர். நாட்டின் மிகப் பெரிய மலாய்க் கட்சியின் தலைமையையே அவர் இழந்தார் அல்லவா என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வலியது போல் தோன்றினும் அதில் ஓர் இடைவெளி உண்டு. இழப்பு நேர்ந்தது என்பது பின்னர் நாம் அறிந்த செய்தி. முடிவெடுத்த நாளில் அவர் எதிர்பார்த்தது என்ன என்பதே இங்குப் பொருள். ஓராண்டுக்குமுன் விலகியபோது கட்சி அவரைத் திரும்ப அழைத்தது. இம்முறையும் கட்சியினர் தம்மைப் பின்தொடர்ந்து வருவர் என அவர் எண்ணியிருத்தல் கூடும். 1951இல் உள்துறைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் இன ஒற்றுமையின்றி விடுதலை இல்லை என்ற கருத்தினராக இருந்தனர். ஆகவே, அவர் அடைந்த இழப்பைத் தியாகம் எனக் கொள்வதற்கு எத்துணை இடமுண்டோ, கணக்குப் பிழை எனக் கொள்வதற்கும் அத்துணை இடமுண்டு. இழப்பின் அளவு மட்டும் இவ்வழக்கைத் தீர்த்துவைக்காது.

எனினும், அவர் சார்பில் வேறொரு சான்று உள்ளது. பிற இனத்தாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பிற இனத்தாரிடம் சென்று கூறுவது எவருக்கும் எளிது. அவர் அதனைத் தம் கட்சியின் அவையிலேயே, அக்கருத்தை விரும்பாதார் முன்னிலையிலேயே கூறினார். ஒரே கருத்தை ஆதரிப்போர் அவையிலும் எதிர்ப்போர் அவையிலும் மாற்றமின்றிக் கூறுதல், வெறும் ஆதாயக் கணக்கினால் மட்டும் விளக்கக்கூடியது அன்று.

இங்கு எழும் மற்றொரு வினாவையும் தவிர்க்க இயலாது. 1946இல் தாராளக் குடியுரிமையை எதிர்த்தவரே 1950இல் அதற்கு இணங்கினார். இது தடுமாற்றமா? கருத்தை மாற்றிக்கொள்வது தன்னளவில் குற்றமாகாது என்பது நம் கருத்து. மாற்றம் எப்போது வந்தது, அதற்குரிய காரணம் எப்போது சொல்லப்பட்டது என்பனவே நோக்கத்தக்கன. இம்மாற்றம் பிற சமூகத் தலைவர்களுடன் நேருக்குநேர் உரையாடியபின் வந்தது. அப்போது அவர் செல்வாக்கின் உச்சியில் இருந்தார். மாற்றம் அவருக்குத் தம் கட்சியினரிடையே தொல்லையையே தந்தது. கற்றறிந்து மாறியவரின் மாற்றமாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

1952 முதல் 1955 வரை: காற்று மாறிய காலம்

கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நடைபெற்றது. மலாயாச் சுதந்திரக் கட்சியைத் தோற்கடிக்கும் நோக்கில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் அந்நகர அளவில் கைகோத்தன. இது நகரத் தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட தேர்தல் உடன்பாடு. நெடுநாள் சிந்தித்து வகுத்த தேசியக் கொள்கை எதுவும் அதன் பின்னணியில் இருந்ததாகக் கூறவியலாது. மொத்தம் 12 இடங்களுள் இக்கூட்டு 9 இடங்களை வென்றது. ஓன் ஜாஃபாரின் கட்சிக்கு 2 இடங்களே கிட்டின. எஞ்சிய ஓரிடம் சுயேச்சை ஒருவருக்குச் சென்றது.

இத்தோல்வியே ஓன் ஜாஃபாருக்குக் காலம் அமைத்த அடுத்த உபதை. 1953இல் அவர் சீன அமைப்புகளை வெளிப்படையாகச் சாடினார். 1954இல் நெகாரா கட்சியைத் தோற்றுவித்தார். குடிநுழைவைக் கட்டுப்படுத்துதல், மலாய்மொழியின் தனியிடம் ஆகியவை அக்கட்சியின் முழக்கங்களாயின. மூன்றாண்டுக்குமுன் எந்த எல்லையைக் கடக்கும்படி தம் இனத்தாரை அழைத்தாரோ, அந்த எல்லைக்குள்ளேயே நின்று அவர்களிடம் வாக்குக் கேட்டார். 1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற கூட்டரசுத் தேர்தலில் அக்கட்சி ஓரிடமும் பெறவில்லை. ஜொகூர் பாருவில் அவரே தோல்வியுற்றார்.

1950ஆம் ஆண்டு மாற்றத்தையும் 1953-54ஆம் ஆண்டுகளின் மாற்றத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு புலனாகும். முன்னது உரையாடலின்பின் வந்தது; பின்னது தோல்வியின்பின் வந்தது. முன்னது ஆதரவாளர்களை இழக்கும் திசையில் சென்றது. பின்னது வாக்காளர் மிகுந்த திசையில் சென்றது. நிலைமை மாறியதால் கொள்கையும் மாறியது என அவர் சார்பில் வாதிடலாம். ஆயினும், மாறிய நிலைமைகளுள் முதன்மையானது அவரது தேர்தல் வாய்ப்பே என்பதை மறுக்கவியலாது.

இதனால் 1951ஆம் ஆண்டு விலகல் நடிப்பாகிவிடுமா? ஆகாது என்றே கருதுகிறோம். பின்னாளைய வீழ்ச்சியைக் கொண்டு முன்னாளைய நிமிர்வைப் பொய்யெனல் பொருந்தாது. கட்சியினரின் எதிர்ப்பு என்னும் சோதனையில் அவர் தேறினார்; செல்வாக்கை இழத்தல் என்னும் சோதனையில் தேறவில்லை. சோதனை நான்கு என வள்ளுவர் கூறியதன் நுட்பம் இவ்விடத்தில் விளங்கும்.

கணக்கில் பிறந்த கூட்டணி

மறுபக்கத்தையும் இதே கோலால் அளத்தல் வேண்டும். கோலாலம்பூரில் ஒரு நகரத் தேர்தலுக்காகப் பிறந்த உடன்பாடு நாடளாவிய கூட்டணியாக வளர்ந்தது. தொடக்கத்தை மட்டும் நோக்கின் இது அப்பட்டமான கணக்கு. அம்னோவின் கதவைத் திறக்க மறுத்தவர்கள், அக்கதவைத் திறக்கச் சொன்னவரைத் தோற்கடிப்பதற்காக மற்றோர் இனத்தின் கட்சியுடன் சேர்ந்தனர்.

ஆனால், இவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். வேட்பாளர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரராகவே இருக்க வேண்டும் என்ற குரல் அம்னோவுக்குள் எழுந்தது. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அக்கோரிக்கைக்கு இணங்குவதே எளிய வழி; எதிரணியில் நெகாரா கட்சி மலாய் வாக்குகளையே குறிவைத்து நின்றது. துங்கு இணங்கவில்லை. மொத்தம் 52 இடங்களுள் 35இல் மலாய்க்காரரையும் 17இல் பிற இனத்தாரையும் கூட்டணி நிறுத்தியது. 51 இடங்களை வென்றது.

இதனையும் கணக்கு எனலாம். பல இனத்தாரும் இணைந்த அணிக்கே ஆங்கிலேயர் ஆட்சியை ஒப்படைப்பர் என்பது தெரிந்திருந்தது. சீனர் சங்கத்தின் பொருள்வலிமையும் கூட்டணிக்குத் தேவைப்பட்டது. இவ்வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. இருப்பினும், உடனடி ஆதாயமும் கொடுத்த வாக்கும் எதிரெதிரே நின்ற ஒரு வேளையில், கொடுத்த வாக்கே காக்கப்பட்டது என்பது செயலால் புலப்படும் உண்மை. கணக்கிற்காகச் செய்துகொண்ட உடன்பாடு காலப்போக்கில் அதைச் செய்துகொண்டவர்களையே கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டது. அரசியலில் கொள்கை எப்போதும் கொள்கையாகவே பிறப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. அதேவேளையில், இக்கூட்டணி இன அடிப்படையிலான கட்சிகளின் சேர்க்கையாகவே அமைந்தது என்பதையும், ஓன் ஜாஃபார் 1951இல் முன்வைத்த வினாவுக்கு அது விடைகூறவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

நம்மவரை அளக்கும்போது

1952இல் கோலாலம்பூர்த் தேர்தலில் மலாயா இந்தியர் காங்கிரசு ஓன் ஜாஃபாரின் கட்சியை ஆதரித்தது. எவ்விடத்தும் பெரும்பான்மையாக இல்லாத ஒரு சமூகத்திற்கு இன வேறுபாடற்ற கட்சி இயல்பான புகலிடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கே. எல். தேவாசர் தலைமையில் இருந்த அவ்வமைப்பு, 1954இல் அம்னோவும் சீனர் சங்கமும் அமைத்த கூட்டணியில் இணைந்தது. உள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் கூட்டணியின் வழி இருவர் அவ்வமைப்பின் சார்பில் வென்றனர். அவ்வாண்டு தலைமையேற்ற வீ. தி. சம்பந்தன் அவர்களுள் ஒருவர்.

ஓன் ஜாஃபார் தோல்விக்குப்பின் மாறியதைச் சந்தர்ப்பவாதம் என எழுதும் மாணவர், அதே காலத்தில் நம்மவர் அணிமாறியதை நடைமுறை அறிவு என எழுதுவதைக் கண்டிருக்கிறோம். இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் வேண்டும். ஆதரித்த கட்சி வலுவிழந்தபின், வெல்லும் அணிக்குச் சென்றது கணக்கே. ஆயினும், ஓன் ஜாஃபார் தாம் முன்னர் வேண்டியதற்கு எதிரானதை வேண்டினார். இந்தியர் காங்கிரசோ, குடியுரிமையும் ஆட்சியில் பங்கும் என்ற தன் வேண்டுகோளை வைத்துக்கொண்டு வழியை மாற்றிக்கொண்டது. இவ்வேறுபாடு சான்றுடன் காட்டப்படுமானால் தீர்ப்பு நேர்மையானது. காட்டப்படாவிடில் அது இனப்பற்று மட்டுமே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தத்தக்க நான்கு வினாக்களைத் தொகுத்துக் கூறலாம். முடிவெடுத்த நாளில் அத்தலைவர் எத்தகைய இழப்பை எதிர்பார்த்தார்? அவர் சொல் விரும்புவோர் அவையிலும் விரும்பாதார் அவையிலும் ஒன்றாக இருந்ததா? கருத்து மாறியபோது, அம்மாற்றம் அவருக்கு ஆதாயம் தரும் திசையில் சென்றதா, தொல்லை தரும் திசையில் சென்றதா? வாய்ப்பு மங்கியபின் அவர் எதைப் பற்றிக்கொண்டார், எதைக் கைவிட்டார்?

இவ்வினாக்கள் ஒருவரின் உள்ளத்தைத் திறந்துகாட்டும் திறவுகோல் அல்ல. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓன் ஜாஃபாரின் உள்ளத்தில் இருந்தது யாது என்பதை இனி எவரும் உறுதிபடக் கூறவியலாது. கொள்கையும் தன்னம்பிக்கையும் பதவி விருப்பமும் ஒன்றாகக் கலந்தே இருந்திருக்கலாம். எனவே, ஆளுக்குத் தீர்ப்புக் கூறுவதைவிடச் செயலுக்குத் தீர்ப்புக் கூறுவதே நாம் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது. ஓன் ஜாஃபார் கொள்கை வீரர் என்றோ சந்தர்ப்பவாதி என்றோ ஒரு சொல்லில் எழுதும் மாணவர், 1951இல் இதனைச் செய்தார், 1954இல் இதனைச் செய்தார், இரண்டுக்கும் இடையே இத்தோல்வி நேர்ந்தது என எழுதப் பழகுவாராயின் அவர் பாதி வழி கடந்தவராவார்.

ஆராயாமல் ஒருவரைத் தெளிவதும், ஆராய்ந்து தெளிந்தபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரம் நிறைவுறுகிறது. எல்லாத் தலைவரையும் நம்பும் குடிமக்களும், எவரையும் நம்பாத குடிமக்களும் ஆராயும் உழைப்பைத் தவிர்ப்பதில் ஒத்தவர்களே. இன்று நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளை வாக்குச்சாவடியில் நிற்கப்போகின்றவர்கள். விடைத்தாளில் சான்று கேட்டு அவர்களைப் பழக்குவது, அந்நாளுக்காக நாம் செய்யக்கூடிய பணியாகும்.